இறங்குற வழி

மூக்கு வழியாக ஒரு குழாய்.
சேமியா கனம்தான். ஆனாலும்
உள்ளே போவதற்குள் கண் இரண்டும் குளமாகிவிட்டது.
கன்னத்தில் பிளாஸ்திரி, இடுப்பில் ஒரு பெட்டி.
"எப்பவும் போல இருங்க, எப்பவும் போல சாப்பிடுங்க,
நெஞ்சு எரிஞ்சா இந்தப் பொத்தானை அமுக்குங்க"
என்றார் டாக்டர் பியூலா.

எப்பவும் போல என்றால் எனக்கு
ஆரப்பாளையம் – தேனி, போக வர ரெண்டு நடை.

வலது தோளில் டிக்கெட் மெஷின், இடது இடுப்பில் இது.
நாகமலைப் புதுக்கோட்டையில் ஏறிய காலேஜ் பையன்கள்
எதிலிருந்து டிக்கெட் வரும் என்று
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

செக்கானூரணியில் உளுந்தவடை இரண்டு.
கருமாத்தூர் வருவதற்குள் அமுக்கினேன்.
உசிலம்பட்டியில் டீ. அமுக்கினேன்.
உருண்டுபோன ஒரு ரூபாய்க்குச் சீட்டடியில் குனிந்தேன்,
அதற்கும் அமுக்கினேன்.
கணவாயில் வண்டி திணறித் திணறி ஏற
கூடவே அதுவும் ஏறியது, தொண்டை வரைக்கும்,
பழைய புளியைக் கரைத்து ஊற்றியதுபோல.
விசில் ஊதினால் காற்றுதான் வந்தது.
டிரைவர் மொக்கராசு கண்ணாடியில் பார்த்துவிட்டு
தானாகவே நிறுத்தினான்.

மறுநாள் திரையில் ஒரு கோடு.
படுத்துக் கிடந்த நாகமலை
திடீர் திடீரென்று எழுந்து நின்றதுபோல.
"இதில் கருமாத்தூர் எது மேடம்?" என்றேன்.
அவருக்கு ஊர் தெரியவில்லை.
முப்பத்தேழு தடவை என்று மட்டும் சொன்னார்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில்
ஒரு வாசலாம். சாப்பாடு இறங்கியதும் சாத்திக்கொள்ளுமாம்.
எனக்குச் சாத்துவதேயில்லை.

பத்தொன்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்:
இறங்குற வழியில ஏறாதீங்க, ஏறாதீங்க.
எனக்குள்ளேயே ஒரு கூட்டம்
காதில் வாங்காமல் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

ஐந்து துளை. பெரியது சுண்டுவிரல் நுழைகிற அளவு.
வயிற்றில் காற்றடித்துக் கூடாரமாகத் தூக்கி,
இரைப்பையின் மேல்தலைப்பை இழுத்து
குழாய்க்குப் பின்புறமாகக் கொண்டுவந்து
முன்னால் சேர்த்துத் தைத்தார்கள்.
வந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் ஒச்சம்மா சொன்னாள்:
"உள்ளுக்குள்ள மப்ளர் கட்டி விட்டுருக்காக."

குத்தியது வயிற்றில்,
வலித்தது தோளில். அதுவும் மெஷின் மாட்டும் தோளில்.
"உள்ளே அடிச்ச காத்துண்ணே, நடந்தா போயிரும்"
என்றது நர்ஸ் பிள்ளை.
ராத்திரி ரெண்டு மணிக்கு
வார்டு வாசலிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை
ஆளில்லாத வண்டி மாதிரி போய் வந்தேன்.

கஞ்சித்தண்ணி, மிளகில்லாத ரசம், குழைந்த சோறு.
ஒரு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

மூன்றாம் மாதம் மொக்கராசு மகளுக்குக் காதுகுத்து.
கிடாக்கறி. மென்று மென்று விழுங்கினேன்.
மொக்கராசு என் இலைக்கு முன்னால் வந்து நின்றான்.
அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று தெரியும்.
ஏப்பம்.
அது இனி எனக்கு லேசில் வராது,
மேலே வரும் எல்லாவற்றுக்கும் அந்த மப்ளர்தான்.
"நல்லாருக்குப்பா" என்றேன்.
"ரொம்ப நல்லாருக்குப்பா" என்றேன்.
அவன் நம்பவில்லை. முகம் சுருங்கிப்போய்
இன்னொரு கரண்டி எலும்புக்குழம்பு ஊற்றிவிட்டுப் போனான்.

அன்றைக்கு ராத்திரிதான்
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் இருந்து
செங்கல்களை உருவினாள் ஒச்சம்மா.
காலுக்கு ரெண்டு, மொத்தம் நாலு. பதினோரு வருஷத்துச் செங்கல்.
சிமெண்டுத் தரையில் அவை இருந்த இடம் மட்டும்
புதுத்தரை போலச் சிவப்பாக இருந்தது.

மட்டமாகப் படுத்தேன். ஒன்றும் ஏறவில்லை.
மின்விசிறியை இப்போதுதான் நேராகப் பார்க்கிறேன்,
ஒரு இறக்கை வளைந்திருக்கிறது.

அவள்தான் புரண்டுகொண்டே இருந்தாள்.
"தலை கீழ போற மாதிரி இருக்குய்யா."

சரிவு எனக்குத்தானே என்று நினைத்திருந்தேன்.

விளக்கைப் போடாமலே எழுந்து
தன் பக்கத்துக் காலுக்கு மட்டும்
ஒரு செங்கலைத் திரும்ப வைத்தாள்.
கட்டில் நொண்டியது.
முதல் வண்டிக்கு நான் எழும்போது
முழுக்க என் பக்கம் சரிந்து
வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.