பூக்கொத்தின் நிலை: இலைக்குக் கீழே

வண்ண விசிறியை வெயிலில் பிடிக்கக் கூடாது.
வடக்குச் சன்னலோரம், மேகம் மூடிய காலையில்
பழத்தைச் சீட்டோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.
நாற்பத்தாறு என்கிறேன்.
நாற்பத்தைந்து என்கிறார் பென்யமின்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு
மறுபடி குனிகிறோம்
ஒரு சிவப்புக்காக.

படிவத்தில் ஐம்பத்திரண்டு கேள்விகள்.
இலைக்காம்பின் மயிர் படிந்ததா, நிமிர்ந்ததா.
சிற்றிலையின் பல் கூரா, மழுங்கலா.
இதழ்கள் தொட்டுக்கொள்கின்றனவா, தள்ளி நிற்கின்றனவா,
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா.
சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட
ஒரு பெண்ணை இத்தனை பார்த்திருக்க மாட்டார்கள்.
விதை துருத்துகிறதா, அமிழ்ந்திருக்கிறதா?
விதை என்று ஊர் துப்புவதுதான் பழம்.
பழம் என்று ஊர் தின்பது
பூ உட்கார்ந்திருந்த பலகை.
அதைச் சொல்ல அங்கே கட்டமில்லை.

எட்டு ஆண்டு முன், பிப்ரவரியில், கண்ணாடிக்கூடத்தில்
திறக்காத ஸ்ட்ராபெரி மொட்டொன்றைத் திறந்து
இடுக்கியால் மகரந்தப்பைகளைக் கிள்ளினேன்.
இருபத்து மூன்று. எண்ணித்தான் கிள்ளினேன்.
மறுநாள் தூரிகை, காகித உறை, நீல நூல்.
தாய்: நன்றாக விற்று, நன்றாக நோயில் விழுந்த ரகம்.
தந்தை: எருக்குழி ஓரம் யாரும் வைக்காமல் முளைத்தது.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

மூவாயிரத்து எழுநூறு பிள்ளைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு கடி, ஒரு துப்பல்.
மாலைக்குள் நாக்கு கரடுதட்டிவிடும்,
உப்பிட்ட மீனும் ரொட்டியும் தவிர எதுவும் இறங்காது.
2114க்கு எதிரே என் கையெழுத்து இன்னும் இருக்கிறது:
‘சுவை பரவாயில்லை. பூ இலைக்கடியில். பிடுங்கு.’
மண்வெட்டி அந்த வரிசைக்கு வருமுன்
மழை வந்தது.

மே பதினைந்து, கஷூபியாவின் ஏரிக்கரைகளில்
குளிர் சோபியாவின் இரவு.
மூன்று புனிதர்கள் வந்துபோன பின்
கடைசியாக வந்து கதவை அறைந்து சாத்துபவள்.
அந்த ஆண்டு மைனஸ் ஐந்து.
தெளிப்பான் குழாய்க்குள் தண்ணீர் கல்லாயிற்று.
விடிந்தபோது வயலெங்கும் வெள்ளைப் பூ,
ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு,
யாரோ சிகரெட் நுனியால் சுட்டதுபோல்.
பென்யமின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
வரிசை வரிசையாக நடந்தார்.
ஓரிடத்தில் பூட்ஸ் நுனியால் இலையை விலக்கினார்.
முப்பது ஆண்டுப் பழக்கத்தில் முதல்முறையாக
என் பெயரைச் சொல்லாமல் ‘ஏய்’ என்றார்.

மஞ்சள். பதினோரு பூவிலும் நடு மஞ்சள்.

பறிக்க வந்தவர்களுக்கோ அவள் தலைவலி.
‘ஒவ்வொரு பழத்துக்கும் பாவாடையைத் தூக்கணுமா
இந்த வெட்கக்காரிக்கு?’ என்றாள்
லூட்ஸ்க்கிலிருந்து வந்த ஒலேசியா, இடுப்பைப் பிடித்தபடி.
‘கூடைக்குத்தான் காசு. தூக்குகிற நேரத்துக்கு யார் தருவது?’
நாற்பது காசு கூட்டினேன்.
அறுபது என்றாள்.
அறுபது.

வேறுபட்டதா, ஒன்றுபோலா, மாறாததா என்று
அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும்.
ஓடுகொடியில் இறங்கிய நானூறு மகள்களும் அவளேதான்.
என் இரு மகன்களை அந்த மேசைக்கு அனுப்பினால்
இரண்டாம் கேள்வியிலேயே திரும்பி வருவார்கள்.

பெயரில் புகழ்ச்சி கூடாது,
இருக்கும் பெயர்போல் ஒலிக்கவும் கூடாது.
‘சோபியா’ என்று அனுப்பினேன், பகையாளிக்கு ஒரு மரியாதை.
பழைய ரகம் ஒன்றோடு குழம்பும் என்று திரும்பிவிட்டது.
இப்போது ஒலேசியாவின் சொல்லை எழுதியிருக்கிறேன்.
அது வசவு என்று
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐம்பதாவது கேள்வி இனிப்பு: நடுத்தரம்.
அடுத்தது புளிப்பு: நடுத்தரம்.
சிவப்புக்கு எதிரே மட்டும் இன்னும் வெற்றிடம்.
பென்யமின் விசிறியை மடக்கினார்,
சன்னலோரம் இருந்த பழத்தைக் காம்போடு எடுத்து
வாயில் போட்டுக்கொண்டார்.
மென்று முடிக்கும்வரை வெளியே மேகத்தையே பார்த்தார்.

‘நாற்பத்தாறுதான்,’ என்றார்.