சாக்கின் அடியில்

ஸ்டோரில் சாக்குக்கு மை அடிக்கிறவள் நான்.
எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து
பிரஷ்ஷால் ஒரே இழுப்பு:
தோட்டத்தின் பேர், தரம், நம்பர், நிறை.
போய்ச்சேரும் ஊரை எழுத
அந்தத் தகரத்தில் ஓட்டை இல்லை.

ஊரைச் சொன்னவன் லொறி மரியநேசன்.
"இதெல்லாம் ஈரானுக்கு அக்கா.
காசுக்கில்ல, எண்ணெய்க்கு.
எப்பவோ வாங்கின எண்ணெய்,
கட்ட டொலர் இல்ல,
தேயிலையாக் கழிக்கிறாங்க."

எப்பவோ என்றால்?
பத்து வருசத்துக்கு மேலயாம்.
எரிந்து முடிந்த எண்ணெய்.
அப்போது நான் எதில் ஏறி எங்கே போனேன்
என்று எண்ணிப் பார்த்தேன்.
பிரசவத்துக்கு லிந்துலை ஆஸ்பத்திரிக்கு
கொழுந்து லொறியில் ஒருமுறை.
குப்பி விளக்குக்கு மாசம் இரண்டு போத்தல்.
அதையும் ரொக்கத்துக்குத்தான் வாங்கினேன்.

இல்யாஸ் நானா கடைக் கொப்பியில்
என் பேரில் பதினோராயிரத்துச் சொச்சம்.
"நாடே தேயிலையாக் கட்டுது நானா,
நானும் அப்படிக் கட்டட்டா?"
தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"ஒங்கட தேயிலயா தங்கச்சி, அது?"

மாசக் கடைசியில் தோட்டம் தருகிற
தூள் பாக்கெட்டுக்கும்
சம்பளத் துண்டில் ஒரு கழிவு உண்டு.

வியாழன் குழுக்கடன் நாள்.
ஐந்து பேர், ஐந்து கையெழுத்து,
ஒருத்தி தவறினால் நாலு பேர் கட்ட வேணும்.
சந்தனமேரி குவைத்துக்குப் போனபோது
அவள் தவணையை எட்டுக் கிழமை சுமந்தோம்.
பிறகு அவள் அனுப்பிய தினார்
கொழும்பில் டொலராகி, ஹட்டனில் ரூபாவாகி,
லயத்துக்கு வந்தபோது மாவாகியிருந்தது.
பரவாயில்லை. அவளைத் தெரியும்.
ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள்.
இந்த எண்ணெய்க்கு
எந்தக் குழுவில், எந்த வியாழனில்
நான் கையெழுத்து வைத்தேன்?

சனிக்கிழமை
கடைசிச் சாக்கைக் கவிழ்த்து
அடித்தையல் ஓரத்தில்
பிரஷ் நுனியால் எழுதினேன்:
மா எட்டுக் கிலோ.
பருப்பு ஒன்றரை.
சவர்க்காரம் இரண்டு.
பாக்கி 11,460.
டீமேக்கர் பார்க்கவில்லை.
லொறி வளைவில் இறங்கியது.
பிரேக் காய்ந்த மணம் கொஞ்சநேரம் நின்றது.

அந்தத் துறைமுகத்தில் யாராவது
அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்,
தமிழ் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும்
என்று இருந்தேன்.

"கொழும்பிலயே கொட்டிக் கலந்திருவாங்க அக்கா,"
திரும்பி வந்த மரியநேசன் சொன்னான்,
"கப்பல்ல ஏறுறது வேற பெட்டி.
நம்ம சாக்கு பழைய சாமான்காரனுக்கு."

திங்கள் கடைக்குப் போனேன்.
பாக்கி அப்படியே இருந்தது.
மாவுக்கு மட்டும்
கிலோவுக்கு இருபது ரூபா கூடியிருந்தது.
கப்பல் கூலி என்றார் நானா.