பாடவேளைக் குறிப்பு

குன்னூர்ப் பயிற்சியில்
ஒரு காலிஃபிளவரைத் தூக்கிக் காட்டி
மூளை என்றார்கள்.
போன வாரம்தான் விலை போகாமல்
கேத்தியில் அதை மாட்டுக்குப் போட்டார்கள்.

நான் எழுதி வந்தது ஒரே வரி:
திரும்பச் சொல்லாதே, திரும்பக் கேள்.

இன்று ஏழாம் வகுப்பில்
புத்தகங்களை மூடச் சொன்னேன்.
போன செவ்வாய் நடத்திய பாடம்.
இலை எந்த வழியாக மூச்சு விடுகிறது?

யாரும் பேசவில்லை.
சன்னலில் நுழைந்த மஞ்சு
மூன்றாம் பெஞ்சு வரை வந்துவிட்டது.
வராந்தாவில் தலைமையாசிரியர்
நின்றார், போனார், மறுபடி வந்தார்.
விடை என் நாக்கிலேயே கிடந்து அரித்தது,
இருபது வருடப் பழக்கம்.

பெள்ளி மகள் பவ்யா
கண்ணை இறுக்கிக்கொண்டு,
ஈர மண்ணிலிருந்து
நுனி அறாமல் கேரட்டை உருவுகிறவள் போல,
"உதடு டீச்சர்...
இலைக்கு அடியில... சின்னச் சின்ன உதடு."

இலைத்துளை என்ற சொல் வரவில்லை.
ஆனால் உதடு என்று
நான் சொன்னதே இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பேன்.
அதற்குள் பாதி மறந்திருக்கும்,
மறக்கட்டும்.
குறிப்பேட்டில் மட்டும்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
நாற்பது நிமிடம்.
பெரும்பாலும் சும்மா இருந்தேன்.