இடது கை

சனிக்கிழமைதோறும் தோற்பதற்கென்றே
புல்லூத்துக்கோட்டையிலிருந்து பதினாறு மைல்
வில்வண்டியில் வருவார் கொப்பைய நாயக்கர்.
தாது வருஷப் பஞ்சம் முடிந்து பத்து வருஷம்.
தல்லாகுளத்தில் துரைமார் போட்ட டென்னிஸ் தரை,
செம்மண்ணை இறுக்கி, சாணி மெழுகி,
சுண்ணாம்பில் கோடு கிழித்தது.
நான் பந்து பொறுக்குகிறவன்.
மாசம் ஒன்றரை ரூபாய்,
பேசாமல் இருப்பதற்கும் சேர்த்து.

சரிகைத் தலைப்பாகை அவிழாமல்
கடுக்கன் ஆட
வலது கையால் மட்டையை ஓங்குவார்.
பந்து வலையில் போய்ச் சாகும்.
"மோசமில்லை, ஜமீன்தார்" என்பார் கலெக்டர்.
அந்தச் சிவந்த முகம் குளிர்கிற நேரம் பார்த்து
பேஷ்குஷ் பாக்கிக்கு வாயெடுப்பார் நாயக்கர்.
மூன்று முறை தவணை நீண்டது.
கண்மாய் நிறையாத மூன்று வருஷம்.

பழம்பந்து மூட்டை கொடுக்கப்போன ஒரு விடியலில்
குதிரை லாயத்துச் சுவரோடு
அவர் தனியே ஆடுவதைப் பார்த்தேன்.
இடது கை.
சுவரில் ஒரே இடத்தில் காரை பெயர்ந்திருந்தது,
கொட்டாங்கச்சி அளவுக்கு.
அந்தக் கையால் சோற்றைத் தொட்டதற்கு
ஐந்து வயதில் வைத்த சூடு
மணிக்கட்டில் இன்னும் இருந்தது.

மாசியில் கலெக்டரின் தங்கை வந்தாள்,
எடித் துரைசானி. நெட்டை.
தரை கூட்டும் பாவாடை.
இரண்டே ஆட்டம் பார்த்துவிட்டு
எல்லார் காதிலும் விழக் கேட்டாள்:
"அந்த வலது கை யாருடையது?"

மறுநாள் துரைமார் எல்லாம் சர்ச்சில்.
தலைவலி என்று சொல்லிவிட்டு அவள் வந்தாள்.
நாயக்கர் தலைப்பாகையைக் கழற்றி
என்னிடம் கொடுத்தார்.
முன்வழுக்கை என்று அன்றுதான் தெரியும்.
மட்டை கை மாறியது.
ஒரு பந்து செத்து அடுத்தது எடுப்பதற்குள்
வெற்றிலை மென்று துப்பிவிடலாம்,
அவ்வளவு நேரம் அது
இங்கும் அங்குமாய் உயிரோடு இருந்தது.

அவள்தான் ஜெயித்தாள்.
ஆறு நாலு. ஏழு ஐந்து.
"விட்டுக்கொடுத்தீர்களா?" மூச்சிரைக்கக் கேட்டாள்.
"இல்லை" என்றார்.
அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக்கூட
ஒரு குரலில் அத்தனை சந்தோஷம்
நான் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வில்வண்டி வந்தது.
எதிரே கலெக்டர்.
நாயக்கர் மட்டையை எந்தக் கையில் எடுத்தார்
என்று நான் சொல்லமாட்டேன்,
வாங்கிய சம்பளம் அப்படி.

ஆடியில் ஜப்தி.
அமீனா வாசித்த பட்டியலில்
பல்லக்கு ஒன்று,
யானைச் சங்கிலி, யானை இல்லாமல்,
இரட்டைக்குழல் துப்பாக்கி,
நரம்பறுந்த மட்டை, எட்டணா.