இரவல்

மதியச் சாப்பாடு எனக்கு அசுர்பானிபாலின் நிழலில்.
வெண்கலம். இடுக்கில் சிங்கக்குட்டி,
கையில் களிமண் பலகை.
புறாக்களுக்குப் பலகைதான் பிடிக்கிறது, தட்டையாக இருப்பதால்.

இவரும் நம் துறைதான் என்பேன்
நூலகத்தில் புதிதாய்ச் சேர்பவர்களிடம்.
நினிவேயில் ஏடு சேர்த்தவர்.
திருப்பித் தராதவன் பெயரையும் வமிசத்தையும்
துடைத்தெறியச் சொல்லித்
தெய்வங்களுக்கு எழுதிவைத்தவர்.
ஊர் எரிந்த நாளில்
பலகைகள் வெந்து இறுகின.
மிஞ்சியது அதனால்தான்.

நாங்கள் நாளுக்குப் பத்து சென்ட் வாங்கினோம்.
இப்போது அதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாள். மர்கனீத்தா.
டர்லாக்கிலிருந்து ஒரு ரயில், இரண்டு பஸ்.
பையிலிருந்து எடுத்து வைத்தாள்:
நீரேற்றும் பம்புகள், பழுதும் பராமரிப்பும்.
நாற்பத்தோராம் பக்கத்தில் கிரீஸ் கட்டைவிரல்.
கெடு: 1991, மார்ச் ஒன்பது.
"தம்பி எடுத்தது. ஷ்லீமோன்.
பிப்ரவரியில் அடக்கம் பண்ணினோம்.
எவ்வளவு ஆச்சு?"

"ஒன்றுமில்லை, அபராதமெல்லாம் தள்ளுபடி"
நல்ல சேதி சொல்லும் முகத்தோடு சொன்னேன்.
அவள் நகரவில்லை.
"அவன் பெயரில் வரவு வையுங்கள்."

தட்டினேன். எழுத்துக்கூட்டச் சொல்லி
மறுபடி தட்டினேன்.
மென்பொருள் மாற்றிய வருஷம்
பழைய உறுப்பினர்களைக் கழித்திருந்தார்கள்.
"அந்தப் பெயரில் யாரும் இல்லை" என்றேன்.
இப்படியா சொல்வது.

ஜன்னல் வழியே ராஜாவைப் பார்த்தாள்.
"இவருக்கு அவன் நூறு டாலர் கொடுத்தான்.
ஒரு வாரம் பாதாம் தோப்பில் சேற்றில் படுத்த காசு.
திறப்பு நாளன்று,
அக்கா, நம்ம ஆள் பாவாடையோடு நிற்கிறார் என்று
ஒரே சிரிப்பு."
பிறகு, கோபமே இல்லாமல்,
"அங்கே எங்கள் பதிவேடுகளை எரித்தார்கள்.
நீங்கள் எரிக்கக்கூட இல்லை."

வெளியே போய்ப் பீடத்தின் மேல்
சில்லறையாகவும் நோட்டாகவும் எண்ணி வைத்தாள்.
என்ன கணக்கோ.
அவள் பஸ் ஏறும்வரை காத்திருந்து
போர்வைக்குள்ளிருந்து ஒருவர் எழுந்தார்,
மீண்டும் எண்ணினார்,
ராஜாவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு
காபிக் கடைப் பக்கம் போனார்.

புத்தகம் என் மேசையில்.
அதற்கும் பதிவில்லை, அலமாரி ஏற்காது.
விதிப்படி, கழிவுப் பெட்டி.

இன்று மதியம் கூடவே எடுத்துவந்தேன்.
'நீர் ஏறவில்லையெனில்
முதலில் காற்று புகும் இடத்தைத் தேடவும்.'
கெடுத்தாளில், தேதிக்குப் பக்கத்தில்
ஷ்லீமோன் என்று எழுதினேன்.
பென்சிலில்தான்.
பேனா உள்ளே இருந்தது.