போக ஆறரை, வர ஒன்றரை

திருச்சியிலிருந்து கோலாலம்பூர்
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
நாலு மணி நேரம் என்றேன்.
"நூல் பிடிச்ச கணக்கா அது?"
ஆமாம். முக்கு, வளைவு, ரயில்வே கேட்
எதுவும் சேராத கணக்கு.

காரைக்குடி, கழனிவாசல் பக்கம் எங்கள் கடை.
ஏ.சி. நேற்றிலிருந்து சொட்டுகிறது,
கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.
கானாடுகாத்தானிலிருந்து பஸ் ஏறி வந்த நாச்சியப்பன்
கட்டைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு மணி விமானம்தான் மலிவு.
"மூணுலேர்ந்து நாலரை ராகுகாலம்.
அப்ப நான் எங்க இருப்பேன்?"
கடலுக்கு மேலே.
"அங்க நம்ம ராகுவா, அவுக ராகுவா?"
திரையில் தேடினேன்.
பெட்டியின் எடைக்குக் கட்டம் உண்டு,
சைவச் சாப்பாட்டுக்கு உண்டு,
ராகுவுக்கு இல்லை.
"அங்கே கடிகாரம் இரண்டரை மணி முந்தி.
நீங்கள் ஏறும்போதே அவர்களுக்கு மூன்றரை."
விரல்விட்டுப் பார்த்தார்.
"அப்ப ரெண்டு ராகுவையும்
ஒரே டிக்கெட்டுல தாண்டணும்."

வீடு எட்டுப் பேருக்குப் பாத்தியம்.
ஏழு கையெழுத்து வாங்கியாகிவிட்டது.
இரண்டாம் வளவில் உத்தரம் இறங்கி நிற்கிறது,
அதைத் தொடுவதற்கும் எட்டாவது வேண்டும்.
எட்டாவது, கிள்ளானில்.
கூடப் பிறந்த தம்பி.
ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
கூரியரில் அனுப்பலாமே என்று
நான் வாயெடுப்பதற்குள்
கட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.
மூன்று முறை போய்
மூன்று முறை திரும்பிய முத்திரைகள்.

திரும்பும் நேரத்தைப் படித்தேன்:
அங்கே பதினொன்றுக்குக் கிளம்பினால்
இங்கே பன்னிரண்டரை.
"ஒன்றரை மணி நேரந்தானா!"
கடிகாரப்படி, ஐயா. போக ஆறரை, வர ஒன்றரை.
பறப்பது என்னவோ அதே நாலு.

வாளியில் சொட்டுவதையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப வர்றதுதான் லேசு"
என்றார்.
"லேசான பக்கம் இருக்கவன் அவன்.
பாருங்க, நான் போறேன்."

ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இரண்டு தடவை எண்ணினார்.
அவசரத்துக்கு யார் எண் போடட்டும்?
வீட்டம்மா எண் எழுதிய துண்டுச்சீட்டைச்
சட்டைப்பையில் தேடினார், பர்ஸில் தேடினார்.
பிறகு, அறுபதில் தொடங்கும் ஓர் எண்ணை
எதையும் பார்க்காமல் சொன்னார்.
நான் பாதி தட்டுவதற்குள் அவர் முடித்துவிட்டார்.
மெதுவாக, என்றேன்.
மறுபடி சொன்னார்,
அதே வேகத்தில்.

டிக்கெட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
பத்து மணிக்குத் திருச்சி விமான நிலையம்,
வீட்டிலிருந்து ஏழரைக்குப் புறப்பாடு.
வாங்கிப் படித்தவர்
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

ஏழரையை அடித்துவிட்டு
ஏழு இருபது என்று போட்டுக் கொடுத்தேன்.