ஊசிக்கு முன்னமோ, பின்னமோ

அட்டையின் மூலையில் சிவப்பு மையில்:
பெனிசிலின் ஆகாது.
கீழே இரண்டு கோடு.
எழுத்து மங்கிவிட்டது, கோடு மங்கவில்லை.

மல்லாவியில் மாசி வெயில்.
காலபோக வெட்டு முடிகிற கிழமை.
வெட்டு மெசின் தகடு கிழித்த காலோடு
ஆறாம் கட்டிலில் கேதீசன்.
முழங்கால்வரை சிவப்பு ஏறியிருக்கிறது,
தொட்டால் சுடுகிறது.
அட்டையை நம்பினால்
அவனுக்கு மிஞ்சுவது இரண்டு மருந்து:
ஒன்று குடலைப் பிரட்டுகிறது,
மற்றது வவுனியாவிலிருந்து வரவேண்டும்.
வரும் என்கிறார்கள்.

யன்னலுக்குப் பின்னால் நின்று
குளிசை எண்ணுகிறவள் நான்.
இன்று யன்னலைச் சாத்திவிட்டு
ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு
கட்டிலடிக்கு வந்திருக்கிறேன்.

தோல் தடித்ததா?
இல்லை மிஸ்.
உதடு, கண்மடல் வீங்கியதா?
இல்லை.
மூச்சு முட்டியதா?
அப்ப எல்லாருக்கும்தானே முட்டினது.

அதை எழுதாமல் விடுகிறேன்.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

பிறகு?
கண் இருட்டி விழுந்திட்டன்.
ஒன்பதாம் ஆண்டு, பங்குனி.
பள்ளிக்கூட வாங்குகளை அடுக்கி
அதிலை காயக்காரரைக் கிடத்தியிருந்தது.
அண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?
சிரிக்கிறான்.

ஊசி போட்டு எத்தனை நிமிசத்தில் விழுந்தீர்கள்?

சிரிப்பு நின்றுவிட்டது.
மேலே காற்றாடி டக்டக்கென்று சுத்துகிறது.
எனக்கு முன்னால் ஒரு பெடியன், மிஸ்.
அவன்ரை கட்டைப் பிரிச்சினம்.
நான் பார்த்திட்டன்.
பிறகு நிலம்தான் தெரியும்.
ஊசி...
தன் கையையே திருப்பிப் பார்க்கிறான்,
அங்கே எழுதி இருக்கிறமாதிரி.
ஊசி எனக்கு ஏறவே இல்லைப்போலை.

பேர் கேட்டால் பேர் சொல்லி
அடுத்த மூச்சிலேயே பெனிசிலின் ஆகாது என்று
எத்தனை யன்னலடியில் சொல்லியிருப்பான்.
பல்லு வீங்கியபோது,
நெஞ்சுச் சளிக்கு,
ஒருமுறை கலியாண எழுத்துக் கந்தோரிலும்
சொல்லிவிட்டானாம்.

எல்லாச் சிவப்பும் பொய்யில்லை.
போன கிழமை துணுக்காய் யோகமலருக்கும்
இதே வரிதான்.
அவவிடம் கேட்டபோது
பத்து நிமிசம், தொண்டை அடைப்பு,
முகம் பனங்காயாய் வீங்கினது என்றா.
அவவின் கொப்பியில் நானே
புது மையால் அழுத்தி எழுதினேன்.

டொக்டர் என்னை நம்பவில்லை;
அதே கேள்விகளைத் தானும் ஒருக்கால் கேட்டார்.
கேட்கத்தான் வேண்டும்.
பிறகு அட்ரினலினைத் தட்டில் எடுத்துவைத்து
தலையை ஆட்டினார்.

அமொக்சிசிலின். முதலில் ஒரு துளிப் பங்கு.
அரை மணி கழித்து மிச்சம்.
யானைக்குக் காவல் இருக்கிறவர்கள்
இருட்டு வயலைப் பார்ப்பதுபோல
அவன் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பதாவது நிமிசம் கழுத்தைச் சொறிந்தான்.
முக்காலி சரிய எழும்பினேன்.
நெல்லுச் சுணை மிஸ், என்றான்,
மூண்டு நாளாய்க் குளிக்கேல்லை.

ஒரு மணித்தியாலம். பிறகும் ஒன்று.
யானை வரவில்லை.

பதிவைத் திருத்தும்போது ஒரே கோடுதான் போடலாம்,
கீழே இருப்பது வாசிக்கத் தெரியவேண்டும்.
நீல மையால் போட்டேன். திகதி. கையெழுத்து.
அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான்.
இதை எழுதின பிள்ளைக்கு
ஒரு பதினாறு வயசிருக்கும், மிஸ்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பதினாறு வயதுக் கை
அந்த இரண்டு கோட்டையும்
அடிமட்டம் வைத்தமாதிரி இழுத்திருக்கிறது.
ஒரு ஆள் விழுவதைக் கண்டிருக்கிறாள்.
இனி விழக்கூடாது என்று எழுதியிருக்கிறாள்.
அந்த இடத்தில் நானும்
அதையேதான் எழுதியிருப்பேன்.

யன்னலைத் திறந்தேன்.
வரிசை மாமரம்வரை போயிருந்தது.
எங்கை மிஸ் போனனீங்கள் என்று
முதல் ஆள் ஏசிக்கொண்டே
கொப்பியை நீட்டினார்.